ஆலைக்கு ஐடி ஒப்பந்தம் போடப் போகிறீர்களா? சேலம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

சேலம் சுற்றுவட்டாரத்தில் எந்த ஆலையை எடுத்துக்கொண்டாலும், அது ஸ்பின்னிங் மில்லாக இருக்கட்டும், ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி ஆலையாக இருக்கட்டும், கம்ப்யூட்டர் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஆபீஸில் ஏதாவது நின்றுபோனால் ஐந்து ரோட்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் சர்வீஸ்காரருக்கு போன், அவர் சாயங்காலம் வந்து பார்மட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். இயந்திரத்தில் கோளாறு என்றால் மெஷின் கம்பெனிக்கு போன், அங்கிருந்து ஒருவர், தூரத்தில் இருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் வழியாக உள்ளே வந்து சரி செய்வார். இரண்டு பேருமே அவரவர் வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் அந்த எனிடெஸ்க் வேலை முடிந்ததும் மூடப்பட்டதா, அதன் பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தால் அது ஷெட்டுக்குள் போகுமா என்று கேட்டுப் பாருங்கள். இருவருமே கையை விரிப்பார்கள். ஆபீஸுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த இடத்துக்கு ஆள் இல்லை.

அந்த இடத்துக்கு ஒரு பொறுப்பாளரை வைப்பதுதான் மாதாந்திர ஐடி ஒப்பந்தத்தால் ஆலைக்குக் கிடைக்கும் உண்மையான பயன். கெட்டால் வந்து பார்க்கும் பழைய ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) வேறு, இது வேறு. மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு நெட்வொர்க், பேக்கப், அப்டேட், பாதுகாப்பு என்று எல்லாவற்றையும் கெடுவதற்கு முன்பே கவனிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், இந்த வேலைக்கு வருகிற கம்பெனிகளில் பலருக்கு ஆபீஸ் தெரிந்த அளவு ஷெட் தெரியாது. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் பார்த்த பழக்கத்தில் மில்லுக்குள் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தோடு இணைந்த கம்ப்யூட்டருக்கு ராத்திரி ஒரு அப்டேட்டைப் போட்டுவிட்டுப் போனால், காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் கீழே இருப்பதில் முதல் படியை நீங்களே செய்யுங்கள், மீதியை யாரை வைத்துச் செய்தாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

1. கேட்டில் இருந்து நடந்து போய்க் கணக்கெடுங்கள்

ஆபீஸில் உட்கார்ந்து எக்செல் ஷீட் போடுகிற வேலை இல்லை இது. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, கூடவே எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு, கேட்டில் இருந்து ஆரம்பித்து கடைசி ஷெட் வரைக்கும் நடங்கள். கரண்ட்டிலும் கேபிளிலும் தொங்குகிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பெரும்பாலும் முதலில் வருவது எடை மேடை. அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும், பின்பக்கம் சீரியல் போர்ட்டில் எடைக் கருவியின் ஒயர் செருகியிருக்கும், அந்த சாப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தவர் தொழிலையே விட்டுப் போயிருப்பார். மொத்த ஆலையிலும் மலிவான கம்ப்யூட்டர் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் மரவள்ளி சீசனில் அது படுத்துவிட்டால் கிழங்கு லோடு லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கும்.

ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று விஷயம் எழுதினால் போதும்: இது நின்றால் எது நிற்கும், எத்தனை மணி நேரம் தாங்கலாம், இதில் யார் யார் கை வைக்கிறார்கள். மாடல் நம்பர், சீரியல் நம்பரெல்லாம் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். இயந்திரத்தின் பிஎல்சி (இயந்திரத்தை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்), அதன் தொடுதிரை, இன்வெர்டர் பேனல், விரல் வைக்கும் வருகைப் பதிவுக் கருவி, சிசிடிவி டிவிஆர், தொழிலாளர் தங்கும் அறையில் யாரோ வாங்கி மாட்டிய வைபை ரவுட்டர் என்று எதையும் விட வேண்டாம். கடைசியாகச் சொன்ன இரண்டும் பெரும்பாலும் யார் கணக்கிலும் இருக்காது, வாங்கி வந்தபோது இருந்த பாஸ்வேர்டே இன்னும் இருக்கும்.

கம்ப்யூட்டர்களில் எந்த விண்டோஸ் ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடும் முடிந்துவிட்டது. ஷெட்டுக்குள் இந்த மூன்றும் இருந்தால் பதற வேண்டாம், இயந்திரத்தோடு வந்த பழைய விண்டோஸை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. அது எங்கே இருக்கிறது, எதோடு பேசுகிறது என்று தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

இன்னொன்று, ஈ-வே பில் போடும் கம்ப்யூட்டரைத் தனியாக வட்டம் போட்டு வையுங்கள். 2023 ஆகஸ்ட்டில் இருந்து 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஈ-இன்வாய்ஸ் கட்டாயம், 2025இல் ஈ-வே பில், ஈ-இன்வாய்ஸ் தளங்களில் நுழைய ஓடிபியும் படிப்படியாகக் கட்டாயம் ஆனது. கணக்குப் பார்ப்பவர் ஒருவரின் போனுக்கு மட்டும் ஓடிபி போகிறது, அவர் திருச்செங்கோட்டில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், போன் சைலன்ட்டில் இருக்கிறது என்றால் லோடு ஏற்றிய வண்டி அப்படியே நிற்கும். அந்தத் தளத்தில் துணைப் பயனர் கணக்கு உருவாக்கும் வசதி இருக்கிறது, இன்னொருவர் பெயரில் ஒன்று போட்டு வையுங்கள். இதற்கு எந்த ஐடி கம்பெனியும் தேவையில்லை.

2. ஆபீஸ் நெட்வொர்க்கையும் ஷெட் நெட்வொர்க்கையும் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பெரும்பாலான ஆலைகளில் பிஎஸ்என்எல் பைபரோ தனியார் பைபரோ வருகிறது, ஒரு ரவுட்டர், அதில் இருந்து ஒரு சுவிட்ச், அதற்குப் பின்னால் டாலி கம்ப்யூட்டர், முதலாளி லேப்டாப், சிசிடிவி, பிஎல்சி எல்லாமே ஒரே தெருவில் குடியிருக்கின்றன. எந்த வீட்டில் தீப்பிடித்தாலும் தெரு முழுக்கப் பரவும்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், பரவியபோது இதுதான் நடந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே வருடம் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். அடுத்த வருடம் ஆகஸ்ட்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளில் அதன் ஒரு வகை புகுந்து உற்பத்தியை நிறுத்தியது, அந்த முறை அது வந்தது புதிதாக நிறுவிய ஒரு கருவியோடு, வைரஸ் பரிசோதனை செய்யாமலேயே அதை நெட்வொர்க்கில் இணைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய ஆலைக்கே அப்படி என்றால், புது மெஷின் வந்து இறங்கியதும் சர்வீஸ் இன்ஜினியரின் பென் டிரைவை யோசிக்காமல் செருகுகிற நம் பழக்கத்தை என்ன சொல்வது.

இயந்திரப் பக்கம் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிஎல்சிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் முறை 1979இல் உருவானது. அதில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது, யார் கேட்டாலும் சொல்லும், யார் சொன்னாலும் கேட்கும். கேபிள் ஷெட்டுக்குள்ளேயே இருந்தவரை அதில் தப்பில்லை. அதை இன்டர்நெட் ரவுட்டரோடு சேர்த்தபோதுதான் வினை.

செய்ய வேண்டியது இது: ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் விலேன் வசதி உள்ள சுவிட்ச்களைப் போட்டு ஆபீஸ், இயந்திரம், சிசிடிவி, தொழிலாளர் வைபை என்று நாலாகப் பிரித்து, எது எதோடு பேசலாம் என்று காவல் காக்கும் பயர்வால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். பயர்வாலில் முதலில் எல்லாவற்றையும் மூடுங்கள். அப்புறம் உற்பத்திக் கணக்கு எடுக்கும் கம்ப்யூட்டர் இந்த பிஎல்சியை மட்டும் படிக்கலாம் என்கிற மாதிரி, தேவையானதை ஒவ்வொன்றாகத் திறங்கள். எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு மோசமானதை மட்டும் மூடுகிறேன் என்கிறவரை நம்பாதீர்கள். முதல் வாரம் எதாவது ஒன்று வேலை செய்யாது, ரிப்போர்ட் வராது, பிரிண்டர் கிடைக்காது, சூப்பர்வைசர் திட்டுவார். பொறுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7 ஓடும் பழைய இயந்திரக் கம்ப்யூட்டர்களுக்கும் இதுதான் மருந்து. அவற்றுக்கு இன்டர்நெட்டையே காட்டக் கூடாது.

3. வெளியில் இருந்து வரும் கதவுகள்

எனிடெஸ்க், டீம்வியூவர், விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப், ரவுட்டரில் யாரோ எப்போதோ திறந்துவிட்ட போர்ட் எல்லாவற்றையும் தேடிப் பட்டியல் போடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தால் இன்றைக்கே மூடச் சொல்லுங்கள், நாளைக்கு வேண்டாம். மெஷின் கம்பெனிக்காரர் வருவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது, அவர் வராவிட்டால் மெஷின் ஓடாது. ஆனால் அவர் போன் செய்து, இங்கே ஒருவர் அனுமதித்து, வேலை முடிந்ததும் மூடுகிற ஏற்பாடு வேண்டும். கேட்காமலே எப்போதும் உள்ளே வரலாம் என்கிற நிரந்தர பாஸ்வேர்டு வசதியை எடுத்துவிடுங்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் எரிபொருள் கொண்டுபோகும் கொலோனியல் பைப்லைன் பல நாள் நின்றது உங்களுக்கு நினைவிருக்கலாம், அதற்கு நுழைவாயிலாக இருந்தது யாரும் பயன்படுத்தாமல் விட்டிருந்த, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு விபிஎன் கணக்கு, அதாவது வெளியில் இருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழையும் கணக்கு.

பிஎல்சி சிலவற்றில் ஒரு சின்னச் சாவி இருக்கும், ரன், புரோகிராம் என்று இரண்டு மூன்று நிலை. அதை ரன்னில் திருப்பி, சாவியை உருவி, மேனேஜர் மேசைக்குள் வையுங்கள். 2017இல் சவூதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் பாதுகாப்புக் கருவிகளைக் குறிவைத்த ட்ரைட்டன் தாக்குதலில், அந்தச் சாவி புரோகிராம் நிலையிலேயே விடப்பட்டிருந்தது தாக்கியவர்களுக்கு வசதியாகப் போனது. பைசா செலவில்லாத பாதுகாப்பு என்று எனக்குத் தெரிந்து இதுதான் முதல் இடம்.

நீங்கள் வைக்கப் போகிற ஐடி கம்பெனியும் ஒரு கதவுதான் என்பதை மறக்கக் கூடாது. 2021 ஜூலையில் கசேயா என்ற நிறுவனத்தின் மென்பொருள் வழியாக ரான்சம்வேர் பரவியது. அது ஐடி ஒப்பந்தக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களைத் தூரத்தில் இருந்து நிர்வகிக்கப் பயன்படுத்தும் மென்பொருள். நேராகப் பாதிக்கப்பட்டது சுமார் 60 ஒப்பந்தக்காரர்கள், அவர்களை நம்பியிருந்த நிறுவனங்கள் 1,500 வரை. சாவியை யாரிடம் கொடுக்கிறோம், அவர்கள் அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

4. அப்டேட்: ஆபீஸுக்கு ஒரு சட்டம், ஷெட்டுக்கு ஒரு சட்டம்

ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் அப்டேட் தானாகப் போகட்டும், யாரும் கேட்க வேண்டாம். இயந்திரக் கம்ப்யூட்டர்களில் எதுவும் தானாகப் போகக் கூடாது, விண்டோஸ் மட்டுமில்லை, ஆன்ட்டிவைரஸும் சேர்த்துத்தான். 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றதாக மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. அதில் வைரஸ் எதுவும் இல்லை, காவல்காரனே கதவைப் பூட்டிவிட்டான்.

ஷெட்டுக்கு எப்போது போடுவது? நமக்கு ஆயுத பூஜை இருக்கிறது. இயந்திரம் எல்லாம் நின்று, துடைத்து, பொட்டு வைக்கும் அந்த ஓரிரு நாட்கள், அப்புறம் பொங்கல் விடுமுறை. இந்த இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மெஷின் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, ஹார்ட் டிஸ்க்கை முழுசாக நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் கை வைக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கவும் ஒரு ஷிப்ட் ஒதுக்குங்கள், பூஜை முடிந்த கையோடு உற்பத்திக்குப் போகக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: ரான்சம்வேர் கும்பல்களுக்கும் விடுமுறைதான் பிடிக்கும், கசேயா தாக்குதல் அமெரிக்க சுதந்திர தின விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நடந்தது. தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போகும்போது ஐடி ஆளும் போய்விட்டால், யார் போன் எடுப்பார் என்று முன்னாலேயே பெயர் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

5. பேக்கப், அதைவிட முக்கியமாக மீட்பு

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடைமுறையில் பார்த்தால் டாலி டேட்டா சி டிரைவில் இருக்கும், பேக்கப் அதே டிஸ்க்கின் டி டிரைவில் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு வெளி டிஸ்க், இருபத்துநாலு மணி நேரமும் செருகியபடியே. ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இரண்டு டிஸ்க் வாங்கி வாரம் மாற்றி மாற்றிச் செருகுங்கள், செருகாத டிஸ்க் வீட்டு பீரோவில் இருக்கட்டும், அதற்கு பாஸ்வேர்டு பூட்டும் போட்டிருக்கட்டும். இன்டர்நெட்டில் இருக்கும் டிரைவில் தானாகவே சின்க் ஆகிறதே என்பார்கள். சின்க் என்பது பேக்கப் ஆகாது, இங்கே கெட்டுப்போனது அங்கேயும் கெட்டே போய்ச் சேரும்.

ஷெட் பக்கம் பேக்கப் என்றால் பிஎல்சி புரோகிராமும், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி இயந்திரத்தின் பாராமீட்டரும் (அமைப்பு எண்கள்)தான். பிஎல்சி புரோகிராமின் நகல் உங்களிடம் இருக்கிறதா? இல்லை, மெஷின் கம்பெனி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைத்திருக்கிறதா? அடுத்த மெஷின் வாங்கும்போது கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் நகலைக் கேட்டு வாங்குங்கள், பணம் போன பிறகு கேட்டால் நடக்காது. பல சிஎன்சி கன்ட்ரோலர்களில் பாராமீட்டர்களைக் காப்பாற்றி வைத்திருப்பது ஒரு சின்ன பேட்டரி. அது தீர்ந்துபோன நிலையில் கரண்ட்டும் போனால் எல்லாம் அழிந்துவிடும். பேட்டரி எச்சரிக்கை வந்ததும் மாற்றுங்கள், அந்தந்த மெஷினின் கையேட்டைப் பார்த்து மாற்றுங்கள், பொதுவாகக் கரண்ட் இருக்கும்போதே மாற்றச் சொல்வார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு காலிக் கம்ப்யூட்டரில் பேக்கப்பில் இருந்து டாலியைத் திறந்து, நேற்றைய கடைசி பில் நம்பர் வருகிறதா என்று ஐடி கம்பெனி உங்கள் கண் முன்னால் காட்ட வேண்டும். பச்சை டிக் போட்ட ரிப்போர்ட்டை அனுப்பினால் அதை ஏற்க வேண்டாம்.

6. பணம் போகும் வழி

இது சின்ன விஷயம், ஆனால் பெரிய பணம் போவது இதில்தான். நூல் சப்ளையர் பெயரில் மெயில் வரும், எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள் என்று. மெயில் அவருடைய உண்மையான முகவரியில் இருந்தே கூட வரும், ஏனென்றால் திருடப்பட்டது அவருடைய மெயில். கணக்கு எண் மாற்றம் எதுவாக இருந்தாலும், மெயிலில் கொடுத்த நம்பருக்கு இல்லாமல் நம் டைரியில் இருக்கும் பழைய நம்பருக்குப் பேசி உறுதி செய்த பிறகுதான் பணம். முதலாளியே வாட்ஸ்அப்பில் அவசரம் என்று கேட்டாலும் இதே சட்டம். மெயில் கணக்கு எல்லாவற்றுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போடுங்கள்.

7. பஞ்சு, மாவு, இடி

சைபர் பாதுகாப்பு என்று பெரிய பெரிய வார்த்தைகள் பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். மில்லில் பறக்கும் பஞ்சு கம்ப்யூட்டர் விசிறியில் மெத்தை கட்டும், ஜவ்வரிசி ஆலையில் மாவுத் தூசி ஈரத்தோடு சேர்ந்து பசையாகும், ஸ்டீல் பாலிஷ் பட்டறையில் உலோகத் தூள் போர்டில் படிந்து ஷார்ட் ஆகும். ஷெட்டுக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் மூடிய பெட்டிக்குள், வடிகட்டியோடு இருக்க வேண்டும், அந்த வடிகட்டியைச் சுத்தம் செய்வது யார் வேலை என்றும் எழுதியிருக்க வேண்டும். கோடை மழை இடிக்கு கட்டடத்துக்குக் கட்டடம் போட்டிருக்கும் செம்புக் கேபிள் வழியாகத்தான் சுவிட்ச்கள் வரிசையாகப் போகும், அந்த இடங்களில் பைபர் கேபிளுக்கு மாற்றுங்கள். ஏற்காட்டில் எஸ்டேட்டும் குடோனும் வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். எர்த்திங்கை வருடம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

8. இப்போது ஒப்பந்தம்

கொட்டேஷன் கொடுக்க வருகிறவரை முதலில் ஷெட்டைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டாம், கம்ப்யூட்டர் எத்தனை என்று மட்டும் சொல்லுங்கள் என்பவரை டீ கொடுத்து அனுப்பிவிடலாம். வந்ததும் வராததுமாக ஒரு குறிப்பிட்ட பயர்வாலை விற்க ஆரம்பிப்பவரையும் அப்படியே.

பதில் நேரத்தை மொத்தமாக நாலு மணி நேரம் என்று எழுதக் கூடாது. முதல் படியில் எழுதிய பட்டியல் இங்கேதான் உதவும். எடை மேடைக்கும் ஈ-வே பில் கம்ப்யூட்டருக்கும் ஒரு மணி நேரம், டிசைன் கம்ப்யூட்டருக்கு மறுநாள் என்று பொருளுக்குப் பொருள் எழுதுங்கள். போனில் பதில் சொல்வதா, நேரில் வருவதா, நைட் ஷிப்டுக்கும் உண்டா என்பதும் தெளிவாக இருக்கட்டும். கோயம்புத்தூர், பெங்களூரு கம்பெனி என்றால் ஆள் வந்து சேரவே மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, அதனால் எடை மேடைக்கு ஒரு மாற்றுக் கம்ப்யூட்டர் சாப்ட்வேர் போட்டுத் தயாராக ஆலையிலேயே இருக்க வேண்டும். அது தூரத்துக் கம்பெனியை வேண்டாம் என்பதற்கான காரணம் ஆகாது. உள்ளூரில் ஒரே ஆள் நடத்தும் கம்பெனி என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று அவரிடமும் கேட்க வேண்டும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். ரவுட்டர், பயர்வால், சர்வர், மெயில், வெப்சைட் எல்லாவற்றின் தலைமைப் பாஸ்வேர்டும் ஒட்டிய கவரில் முதலாளியிடம் இருக்க வேண்டும், மாற்றும்போதெல்லாம் புது கவர். டொமைன் பெயர் கம்பெனி பெயரில், கம்பெனி மெயிலில் பதிவாகியிருக்க வேண்டும், சர்வீஸ்காரர் பெயரில் இருந்தால் சண்டை வருகிற அன்றைக்கு உங்கள் மெயில் முகவரியே உங்களுடையதாக இருக்காது. அவர்களுடைய ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் கணக்கு வேண்டும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு அட்மின் கணக்கு கூடாது, ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே அது மூடப்பட வேண்டும். பிரிந்து போகும்போது எல்லா விவரத்தையும் எத்தனை நாளில் ஒப்படைப்பார்கள் என்ற வரியும், கடைசி மாதத் தொகை அதற்குப் பிறகுதான் என்ற வரியும் சேர்த்தே இருக்கட்டும்.

மெஷின் கம்பெனி, ஐடி கம்பெனி, உங்கள் எலக்ட்ரீஷியன் மூவரையும் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். ஷெட்டில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு யார் பொறுப்பு என்று அங்கேயே பெயர் எழுதி மூவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். நூறு சதவீதம் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால், அதையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பாருங்கள்.

9. தாக்குதல் நடந்த அன்று

திரையில் மிரட்டல் வந்திருக்கிறது, பைல் எதுவும் திறக்கவில்லை. நெட்வொர்க் கேபிளை உருவுங்கள், வைபையை அணையுங்கள். கம்ப்யூட்டரை ஆப் செய்ய வேண்டாம், விசாரிக்க வருபவர்களுக்கு அதன் நினைவகத்தில் தடயம் இருக்கும். திரையை போனில் படம் எடுங்கள். பதற்றத்தில் பேக்கப் டிஸ்க்கைக் கொண்டுவந்து அதே கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கும் ஆசை வரும், அதை மட்டும் செய்யவே கூடாது. ஷெட்டைப் பிரித்து வைத்திருந்தால் நடுவில் இருக்கும் இணைப்பைத் துண்டித்துவிட்டு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே இருக்கலாம், இரண்டாம் படிக்குச் செலவு செய்த காசு அன்றைக்கு ஒரே நாளில் திரும்பி வரும்.

பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு உடனே போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை நடுவில் நிறுத்த வாய்ப்பு உண்டு. தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு, சிஸ்டம் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. தெரிவிக்கும் வேலையை ஐடி கம்பெனி செய்யுமா, நீங்கள் செய்வதா என்று முன்னாலேயே முடிவு செய்து வையுங்கள்.

2019 மார்ச்சில் நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ அலுமினிய நிறுவனம் ரான்சம்வேரில் மாட்டியது. பணம் கொடுக்கவில்லை, பேக்கப்பில் இருந்து மீட்டார்கள், அதுவரை பல ஆலைகளைக் கையால் இயக்கி ஓட்டினார்கள். நம் ஆலையில் கையால் ஓட்டத் தெரிந்த பழைய ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஓய்வு பெறும் முன் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையால் எழுதும் எடைச் சீட்டுப் புத்தகமும் கேட் பாஸ் புத்தகமும் அச்சடித்து வையுங்கள். முக்கியமான போன் நம்பர்களைக் காகிதத்தில் எழுதி செக்யூரிட்டி அறையில் ஒட்டுங்கள், மெயில் திறக்காத நாளில் ஐடி கம்பெனியின் நம்பரும் அந்த மெயிலுக்குள்தான் இருக்கும்.

எல்லாம் மீண்டு வந்தது போலத் தெரிந்தாலும், எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்று தெரியாமல் நெட்வொர்க்கை மறுபடி இணைக்காதீர்கள், அதே கதவு வழியாகத் திரும்ப வருவார்கள். கதவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு, பாதிக்கப்படாத ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வங்கி, ஜிஎஸ்டி, மெயில், பயர்வால் என்ற வரிசையில் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், கூடவே மெஷின் கம்பெனியின் எனிடெஸ்க் பாஸ்வேர்டையும்.